பெயரும் முகமும்

இந்தியாவின் முதற் பொதுத்தேர்தல் 1951-52ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்தது. பட்டியல் எழுதச் சென்ற அலுவலரிடம் வடமாநிலப் பெண்டிர் பலர் தம் பெயரைக் கூற மறுத்தனர். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே பதியச் செய்தனர். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதற்கு இசையவில்லை. ஏறத்தாழ 28 இலட்சம் பெண்கள் பட்டியலினின்று நீக்கப்பட்டனர். கடுமையான முடிவுதான், ஆயினும் பெயரில்லாதவரைச் சாவடியில் எவ்வாறு இனங்காண்பது?

பெயர் மட்டும் இருந்தாலும் போதவில்லை. உரியவர் வாக்குச்சாவடியை அடையுமுன் அவர் பெயரில் வேறொருவர் வாக்களித்துச் சென்றுவிடுவதுண்டு. உரியவருக்குத் தனிச்சீட்டு ஒன்று தரப்படும், அது தனியுறையில் வைக்கப்படும், எண்ணிக்கையிற் சேராது. விரலில் இடும் மையோ ஒருவர் இருமுறை வாக்களிப்பதைத் தடுக்குமேயன்றி, அவர் யாரென்று காட்டாது.

1960இல் கல்கத்தாவின் ஒரு தொகுதியில் நிழற்பட அட்டை வழங்க முயன்றனர். பெண்கள் பலர் படமெடுக்க உடன்படவில்லை. முன்பு பெயரை மறைத்த நாணம் இப்போது முகத்தை மறைத்தது போலும். முயற்சி நின்றது.

1993இல் தலைமைத் தேர்தல் ஆணையர் டி. என். சேஷன் நாடு முழுவதற்கும் நிழற்பட அட்டை வழங்க ஆணையிட்டார். செலவு மிகுதி என அரசியலார் தயங்கினர். அட்டையின்றி 1995 முதல் தேர்தலே இல்லை என்றார் அவர். அட்டை இல்லாமையைக் காட்டித் தேர்தலை நிறுத்தலாகாது என்றது உச்சநீதிமன்றம்.

அட்டை இல்லாதவர் இன்று கடவுச்சீட்டு, ஓட்டுநர் உரிமம் போன்ற நிழற்பட ஆவணங்களைக் காட்டி வாக்களிக்கலாம். பட்டியலில் பெயர் இல்லையேல், அட்டை கையிலிருந்தும் வாக்கில்லை.