அட்டையும் அதன் ஒட்டாத உறவுகளும்

பொட்டிபுரத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஜீப்பில் போடிமெட்டு ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்கு அட்டை என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டாம். மழை பிடித்துவிட்டால் சருகுக்கு அடியிலிருந்து அது நிமிரும். கடித்தது தெரியாது; ரத்தம் வழியும்போதுதான் தெரியும். ரத்தத்தை உறையவிடாத பொருள் அதன் எச்சிலில் இருக்கிறது. உப்பும் சுண்ணாம்பும் புகையிலையும்தான் காவல்.

மலைக்கு அந்தப் பக்கம் மலையாளத்திலும் இது ‘அட்ட’தான். ஆனால் அட்டையை மெத்தையில் வைத்தாலும் குட்டையைத்தான் நாடும் என்ற பழமொழி மலையில் பிறந்திருக்க முடியாது. தோட்டத்து அட்டைக்குக் குட்டை எதற்கு? சமவெளியின் நீரட்டையை, வைத்தியர் புண்ணில் விட்ட அட்டையைப் பார்த்தவர் சொன்னது அது.

பிறகு சொல் நகர்ந்தது. மரவட்டை ரத்தம் குடிக்காது, கால்களோ கணக்கில்லை, ஆனாலும் அட்டை. மலையாளத்திலும் அது தேரட்ட. கடிக்காத பிராணிக்கும் பெயர் ஒட்டியது என்றால், நீண்டு வளையம் வளையமாக ஊரும் உடம்பைப் பார்த்தே ஒட்டியிருக்க வேண்டும்.

சொல் கடலுக்கு இறங்கியபோது அந்த வளையமும் போனது, மெத்தென்ற நீள உடம்பு மட்டும் மிஞ்சியது. மன்னார் வளைகுடாக் கரையில் கடலட்டை என்பது நட்சத்திர மீனுக்கு உறவான பிராணி. அதில் வெள்ளை அட்டைக்குத்தான் நல்ல விலை. அதே பண்டத்தைப் போர்ச்சுக்கீசியர் கடற்புழு என்றார்கள். தின்னும் சீனரோ கடல் ஜின்செங் என்று மருந்துப் பெயர் வைத்தார்கள். யாழ்ப்பாணத்தின் அட்டை சிங்களத்துக்குள் ‘அட்டயா’ என்றே போயிருக்கிறது. ஆங்கிலேயர் சிலர் கடல் ஸ்லக் என்று எழுதிவைத்தது பெரிய குழப்பம்.

ஏனென்றால் உண்மையான ஸ்லக் நத்தைக் குலம். ஏல நாற்றங்காலில் இளங்குருத்தைத் தின்னும் ஓடில்லா நத்தை அது. வெதுவெதுப்பான கடல்களில் அதன் உறவினர் பலர். ஜோருன்னா ஃபியூனெப்ரிஸ் அவற்றில் ஒன்று. வெள்ளை உடம்பில் கரும்புள்ளிகள், கடற்பஞ்சுதான் சாப்பாடு. குஞ்சுப் பருவத்தில் ஓடு உண்டு, வளரும்போது உதிர்த்துவிடும். புற்றணுக்களைத் தாக்கும் ஜோருமைசின் என்ற பொருளை 2000-ஆம் ஆண்டு இதிலிருந்துதான் பிரித்தெடுத்தார்கள். கடிக்கவுமில்லை, சந்தையில் விலைபோகவுமில்லை. அதனால்தானோ என்னவோ, அட்டைக்கு அமைந்தது போன்ற ஒரு பேச்சுவழக்குப் பெயர் இதற்கு அமையவில்லை.

இதையும் கடலட்டை என்று மொழிபெயர்ப்பவர்கள் உண்டு. நான் ஓடில்லாக் கடல்நத்தை என்றே எழுதுவேன். பெயர் நீளம்தான், ஆனால் பிராணி மாறாது. 2001 முதல் கடலட்டை இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் இருக்கிறது, பிடித்தால் வழக்கு. வழக்கில் சிக்குகிற பெயரை வேறொரு பிராணிக்கும் சூட்டிவிட்டால், எது பிடிபட்டது என்பதிலேயே தகராறு வரும்.