தனிமைக்குச் சந்தா கட்டியவர்கள்

1997இல் கனடாவைச் சேர்ந்த பல்கலைக்கழக மாணவி ஒருவர், துணை அமையாமல் தவிப்பவர்களுக்காக ஓர் இணையதளம் தொடங்கினார். தாமாக விரும்பாமல் தனித்திருப்பவர்கள் என்ற பொருளில் அவர் கையாண்ட தொடரின் சுருக்கமே ‘இன்செல்’. ஆண்களும் பெண்களும் அங்கே தங்கள் கூச்சத்தையும் ஏக்கத்தையும் எழுதினார்கள். 2000 வாக்கில் அவர் தளத்தை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அந்தப் பெயர் பின்னாளில் கொலையாளிகளின் அடையாளமாகும் என்று அன்று யாரும் நினைத்திருக்க முடியாது.

இதே ஏக்கத்தை அமெரிக்காவில் சிலர் முன்பே வியாபாரமாக்கியிருந்தார்கள். ராஸ் ஜெஃப்ரிஸ் என்பவர், பேச்சாலேயே பெண்களை மயக்கலாம் என்று கட்டணம் வாங்கிப் பயிற்சி நடத்தினார். நம் ஊர் வசிய மை வியாபாரத்தின் நவீன வடிவம். 1990களில் இணையக் குழுக்கள் அந்த உத்திகளைப் பரப்பின. 2005இல் பத்திரிகையாளர் நீல் ஸ்ட்ராஸ் எழுதிய ‘தி கேம்’ நூல் அவற்றை உலகறியச் செய்தது. இந்தப் பாடங்களில் பெண் மனுஷியாக வருவதில்லை. சரியான சாவி போட்டால் திறக்கும் பூட்டாகவே வருகிறாள்.

மை பலிக்காதவர்களும் இருந்தார்கள். பணம் கட்டி ஏமாந்தவர்கள் பயிற்சியாளர்களைத் திட்டுவதற்காகவே ‘பியூஏ ஹேட்’ என்ற தளம் உருவானது. ஆனால் கோபம், பயிற்சியை விற்றவர்களோடு நிற்கவில்லை. பெண்கள் மேல் திரும்பியது. பெண்கள் முகவெட்டையும் உயரத்தையும் மட்டுமே பார்க்கிறார்கள், மற்ற ஆண்களுக்கு வாழ்வே இல்லை என்ற விரக்தி அங்கே சித்தாந்தமாக இறுகியது. 2014 மே மாதம் கலிபோர்னியாவின் ஐலா விஸ்டாவில் 6 பேரைக் கொன்று தன்னையும் மாய்த்துக்கொண்ட 22 வயது இளைஞன் அந்தத் தளத்தில் எழுதிவந்தவன். பெண்களைத் தண்டிப்பதாக அறிவித்துவிட்டுப் புறப்பட்டவன் அவன். இறந்தவர்களில் 4 பேர் ஆண்கள்.

ரெட்டிட் என்ற இணைய விவாதத் தளத்தில் 2012இல் தோன்றிய ‘தி ரெட் பில்’ குழு, 1999இல் வந்த ‘தி மேட்ரிக்ஸ்’ படத்தின் சிவப்பு மாத்திரையைச் சின்னமாக்கிக்கொண்டது. உலகம் பெண்களுக்குச் சாதகமாக இயங்குகிறது, அதைக் கண்டுகொண்டவனே விழித்தவன் என்பது அதன் வாதம். ரெட்டிட் 2017 நவம்பரில் இன்செல் குழுவைத் தடைசெய்தது. அங்கிருந்தவர்கள் வேறு தளங்களுக்குப் போனார்கள். 2018 ஏப்ரலில் டொராண்டோவில் வேனை ஏற்றி நடத்தப்பட்ட படுகொலையும் இதே இன்செல் மரபில் வந்தது. 2020 பிப்ரவரியில் அதே நகரில் ஒரு மசாஜ் நிலையத்தில் புகுந்து ஒரு பெண்ணைக் கொன்றவனுக்கு வயது 17. அது பயங்கரவாதச் செயல் என 2023இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்தப் பேச்சைப் பள்ளிப் பிள்ளைகளின் கைப்பேசி வரை கொண்டுவந்ததில் முன்னாள் கிக்பாக்ஸிங் வீரர் ஆண்ட்ரூ டேட்டுக்குப் பெரும் பங்குண்டு. அவருடைய ‘ஹஸ்லர்ஸ் யுனிவர்சிட்டி’ பெயரளவில்தான் பல்கலைக்கழகம். மாதம் சுமார் 50 டாலர் சந்தாவில் பணம் பண்ணும் வழி சொன்ன இணைய வகுப்பு அது. புது ஆளைச் சேர்த்துவிட்டவருக்குக் கமிஷன் கிடைத்தது. ஆகவே சேர்ந்தவர்கள் அவரது பேட்டிகளைத் துண்டு துண்டாக வெட்டி டிக்டாக்கில் குவித்தார்கள். சர்ச்சையான துண்டுக்கே பார்வை அதிகம் என்பதால், பெண்களை இழிவுபடுத்தும் பகுதிகளே முன்னால் வந்தன. விளம்பரத்துக்கு அவர் தனியாகச் செலவழிக்க வேண்டியிருக்கவில்லை, வாடிக்கையாளரே விளம்பரதாரர். 2022 ஆகஸ்டில் முக்கியத் தளங்கள் அவர் கணக்குகளை முடக்கின, கமிஷன் திட்டமும் நிறுத்தப்பட்டது. டிசம்பரில் அவர் ருமேனியாவில் கைதானார். தன்மீதான குற்றச்சாட்டுகளை மறுத்துவருகிறார். அவர் கணக்கு முடங்கினாலும் மற்றவர்கள் பதிவேற்றிய துண்டுகள் சுற்றிக்கொண்டே இருந்தன.

தேடிப் போனவர்கள் மட்டுமே இதில் சிக்கினார்கள் என்றில்லை. 2024இல் டப்ளின் சிட்டி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 16, 18 வயதுப் பையன்கள் பெயரில் டிக்டாக்கிலும் யூடியூப் ஷார்ட்ஸிலும் சோதனைக் கணக்குகளைத் தொடங்கினார்கள். சில கணக்குகள் விளையாட்டு, உடற்பயிற்சி போன்ற வழக்கமான விஷயங்களை மட்டுமே தேடின. எதைத் தேடியிருந்தாலும், முதல் 23 நிமிடங்களுக்குள் எல்லாக் கணக்குகளுக்கும் ஆணாதிக்க, பெண்ணிய எதிர்ப்புக் காணொளிகள் வந்து சேர்ந்தன.

2025 மார்ச்சில் வெளியான ‘அடலசன்ஸ்’ தொடர், சக மாணவியைக் கொன்றதாகக் கைதாகும் 13 வயதுச் சிறுவனின் கதை வழியே இந்த விவாதத்தைப் பிரிட்டனின் வீடுகளுக்குள் கொண்டுபோனது. அந்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளில் அதை இலவசமாகத் திரையிட வழி செய்யப்பட்டது. இங்கிலாந்துப் பள்ளிகளுக்காக அரசு அதே ஆண்டு ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதல், பெண் வெறுப்பு பற்றிக் கற்பிக்கச் சொல்கிறது. ஆஸ்திரேலியாவில் டிசம்பரில், 16 வயது நிரம்பாதவர்கள் முக்கியச் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருப்பதற்கே தடை நடைமுறைக்கு வந்தது.