ஆரணியின் துளை அட்டைகள்

கமண்டல நாகநதிக் கரையிலுள்ள ஆரணியைச் சரித்திர நூல்களிலே தேடுகிறவர்களுக்கு முதலில் எதிர்ப்படுவன யுத்தங்களே. 1751-ஆம் ஆண்டில் சந்தா சாகிபின் குமாரனான ராஜா சாகிபைக் கிளைவ் முறியடித்தது இங்கே. 1782-இல் ஹைதர் அலியின் சேனையும் சர் அயர் கூட்டின் சேனையும் மோதியதும் இவ்வட்டாரத்திலேதான். ஜாகீர்தார்கள் ஆண்ட காலமும் முடிந்து, அவர்களது அரண்மனையும் பழங்கதையாகிவிட்ட பிறகு, ஊருக்குச் சோறும் பெயரும் தந்து வருவது பட்டுத் தறி. அந்தத் தறியின் உச்சியிலே தொங்கும் அட்டைச் சரத்தைக் குறித்து எழுதியவர்கள் அதிகம் இல்லை. எனக்கோ ஊரின் உண்மையான ஆவணக்களரி அதுவே என்று தோன்றுகிறது.

துளை அட்டைகளால் இயங்கும் ஜக்கார்டு யந்திரம் வருவதற்கு முன்னே, காஞ்சிபுரம் முதலிய பட்டு ஊர்களில் ‘அடை’ என்னும் ஏற்பாடு இருந்தது. புடவைக் கரையிலே வரவேண்டிய சித்திரம் முழுவதையும் நூல் முடிச்சுகளாகக் கட்டிவைத்து, நெசவாளி நாடாவை ஓட்டும் ஒவ்வொரு தடவையும், தறியருகே அமர்ந்த சிறுவன் ஒருவன் அந்த நூற்கொத்துகளை முறை தவறாமல் இழுத்துக் கொடுப்பான். அச்சிறுவனுடைய வேலையைத் துளையிட்ட அட்டை ஏற்றுக்கொண்டதற்கு மூலம், பிரான்சு தேசத்து லியோன் நகரம். 1725-இல் பூஷோன் என்பவர் துளைக் காகிதத்தால் தறியை நடத்த முயன்றதும், சில ஆண்டுகளிலே ஃபால்கோன் காகிதத்துக்குப் பதிலாக அட்டைகளைக் கோத்ததும், 1804-இல் ஜக்கார்டு இவற்றையெல்லாம் ஒரே யந்திரமாகத் திரட்டியதும் அங்கேதான். பிள்ளைகளைத் தறியிலிருந்து விடுவித்த அந்த ஒரு காரியத்துக்காகவே அந்த மூவரையும் நாம் நன்றியோடு நினைக்கலாம்.

ஓர் அட்டை ஓர் ஊடைக்கு, அதாவது ஒரு குறுக்கிழைக்கு, உரியது. கிராஃப் தாளிலே சித்திரக்காரர் கட்டம் கட்டமாக நிரப்பிய உருவத்தின் ஒரு வரிசையே அட்டை குத்துகிறவரின் கையில் ஒரு வரிசைத் துளைகளாகிறது. தறியில் அந்த அட்டை வந்து அழுந்தும்போது, துளையுள்ள இடத்தில் ஊசி நுழைந்துகொள்ள அதனோடு சேர்ந்த கொக்கி பாவிழைகளைத் தூக்கும். துளையில்லாத இடத்திலோ ஊசி பின்னே தள்ளப்பட்டுக் கொக்கி கிடந்தபடி கிடக்கும். 120 கொக்கி, 240 கொக்கி என்று ஜக்கார்டுப் பெட்டியின் சக்தியைக் கூறுவது இதனால்தான். சரம் ஒரு சுற்று முடிந்து முதல் அட்டை மறுபடி வந்தால், அன்னமோ மயிலோ மாங்காயோ, சென்ற சுற்றில் உதித்தபடியே மீண்டும் உதிக்கும்.

இத்தொழிலிலே எனக்கு மிகுந்த மதிப்பை உண்டாக்குவது, பிழையைத் திருத்தும் முறை. நான்கு விரற்கடைக்கு முன்னே ஓர் அட்டை தவறியிருப்பது கண்ணிற் பட்டால், நெய்தவர் துணியைக் கத்தரிப்பதில்லை. அட்டைச் சரத்தைப் பின்னோக்கி ஒவ்வொன்றாகத் திருப்பி, எந்த அட்டைக்கு எந்த இழைகள் எழுந்தனவோ அதே இழைகளை மறுபடி எழுப்பி, இழைகள் பிளந்த அந்த வாயிலிருந்து அந்த ஊடையை மட்டும் நோகாமல் உருவி எடுக்கிறார். பட்டிழை உராய்ந்து பிசிறு தட்டாதிருக்க வேண்டும். ஜரிகை மடிந்துவிடக் கூடாது. பிழையான இடத்தைத் தாண்டியதும் சரத்தை முன்னோக்கித் திருப்பினால், அழிக்கப்பட்ட பகுதி மட்டும் புதிதாகப் பிறக்கிறது. அதற்கு முன் நெய்தது அசையாமல் இருக்கிறது.

இதே வித்தையைக் கணினி விளையாட்டிலே நம் பிள்ளைகள் செய்கிறார்கள். 2009-இல் வெளிப்பட்ட மைன்கிராஃப்ட் என்னும் விளையாட்டில், மலையும் ஆறும் குகையுமாக விரியும் பெரும் பூமி, விதை எனப்படும் ஓர் எண்ணிலிருந்து சிருஷ்டிக்கப்படுகிறது. பக்கத்துக்குப் பதினாறு கட்டிகள் கொண்ட சதுரங்களாக அது சேமிக்கப்படுகிறது. ஒரு சதுரம் பாழாய்விட்டால், சேமிப்பிலிருந்து அதை மட்டும் நீக்கிவிடலாம். ஆட்டக்காரன் மறுபடி அங்கே சென்றதும், அவன் கட்டியவை மறைந்து, ஆதியிலிருந்த நிலம் அதே எண்ணிலிருந்து எழுகிறது. ஆனால் இடையில் விளையாட்டின் புதிய பதிப்பு வந்து சிருஷ்டி விதிகள் மாறியிருந்தால், புது நிலம் பழைய நிலத்தோடு பொருந்தாமல் செங்குத்தாக நிற்கும். சரத்தின் நடுவே வேறு சித்திரத்தின் அட்டைகளைக் கோத்தாலும் கொடியின் ஓட்டம் அவ்வாறே சட்டென்று முறியும்.

தறியும் கணினியும் ஒரே கொடிவழியில் வந்த பங்காளிகள் அல்லவா? லியோன் தறியின் அட்டைகளைப் பார்த்தே சார்லஸ் பாபேஜ் 1830-களில் தம் கணக்கு யந்திரத்துக்கு அட்டைகளைத் திட்டமிட்டார். 1890-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை ஹாலரித் என்பவர் துளை அட்டைகளாலேயே தொகுத்தார். அதன்பின் வெகுகாலம் கணினிகள் கட்டளை பெற்றதும் அட்டை மூலமாகத்தான்.

இப்போது சித்திரம் கணினித் திரையிலேயே வரையப்படுகிறது. மின்னணு ஜக்கார்டுக்கு அட்டையே தேவையில்லை. பயன் தீர்ந்த சரங்கள் பழைய காகிதக்காரரிடம் எடை போட்டு விற்கப்படுவதை நான் பெருநஷ்டமாகக் கருதுகிறேன். புடவை நைந்து போகும். அட்டைக் கட்டு இருந்தால் அதே கரையை மறுபடி நெய்யலாம். அது போய்விட்டால், எங்கோ பெட்டியில் தப்பிக் கிடக்கும் பழம்புடவையை விரித்து, பூதக்கண்ணாடி வைத்து இழை இழையாக எண்ணிக் கிராஃப் தாளில் ஏற்றுவதொன்றே வழி. புடவையும் கிடைக்காவிட்டால் அந்தச் சித்திரத்துக்குக் கதி இல்லை. ஆகவே, பரணில் அட்டைக் கட்டு வைத்திருக்கும் ஆரணிக் குடும்பத்தார் எவராயினும், சரம் அவிழ்ந்து கலைவதற்கு முன், முதல் அட்டை எது, எத்தனை கொக்கிப் பெட்டிக்கு உரியது, கரைக்கா முந்திக்கா, கடைசியாக அதை நெய்தவர் யார் என்ற விவரங்களை ஒரு சீட்டில் எழுதி அந்தக் கட்டோடு சேர்த்துக் கட்டிவைக்கட்டும்.