மண்சுவரின் இரண்டு விலை: ‘உள்ளூர்க் கைவினை’ எனும் சொல்லாடல் குறித்து

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் ஜவுளிக்கடை என்றால் ஒரு காலத்தில் பாய்தான். வந்தவாசிக் கோரைப்பாயை விரித்து, மேலே வெள்ளைத்துணி போட்டிருப்பார்கள். குடும்பத்தோடு உட்கார்ந்து புடவை பார்க்கலாம். சுண்ணாம்புச் சுவர், மர அலமாரி, நாட்டு ஓடு. யாரும் இதைக் ‘கைவினை’ என்று சொல்லவில்லை. பக்கத்தில் கிடைத்ததை வச்சு கடை போட்டார்கள், அவ்வளவே. ஆனால் அந்தப் பாயில் யார் உட்காரலாம், யார் வாசலோடு நின்று வாங்கிக்கொண்டு போகணும் என்பதைச் சாதி முடிவு செய்துவைத்திருந்தது. பிறகு கண்ணாடியும் கவுண்டரும் வந்தன. எல்லோரும் நின்றுகொண்டே வாங்கினார்கள். அழகில்லாத அந்த கவுண்டரில் கொஞ்சம் ஜனநாயகமும் இருந்தது.

இப்போது நாகரிக உடை விற்கும் கடைகளுக்குள் மண்பூச்சு, மூங்கில், கோரை, பனையோலை எல்லாம் திரும்பி வந்திருக்கின்றன. சூழலைக் கெடுக்காத வடிவமைப்பு, உள்ளூர்க் கைவினை என்று பெயர். இந்தத் திரும்புதலை எப்படி வாசிப்பது?

இதற்கான முன்வரலாறு நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. 1968 பிப்ரவரி 28 அன்று, அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தின் செம்மண் மேட்டில், 124 நாடுகளின் மண்ணை ஒரு தாழியில் இட்டு ஆரோவில் தொடங்கப்பட்டது. அங்கு வந்தவர்கள் முதலில் கட்டிக்கொண்டவை சவுக்குக் கழியும் கீற்றும் கொண்ட குடிசைகள். சுற்றியிருந்த கிராமத்துக்காரர்களுக்குக் கைவந்த வேலை அது. 1989க்கும் 1992க்கும் இடையே அங்கே வருகையாளர் மையம் கட்டினார்கள். மண்ணோடு சுமார் 5 சதவீதம் சிமெண்ட் கலந்து அழுத்தி எடுத்த கல்லால் எழுந்த கட்டடம். சூளை கிடையாது, எரிக்க விறகு வேண்டாம். தொழில்நுட்பமாக இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1992இல் அதற்கு ஹசன் ஃபாத்தி பெயரிலான, ‘ஏழைகளுக்கான கட்டடக்கலை’ விருது கிடைத்தது. அந்த வளாகத்தில் இருப்பவை உணவகம், கண்காட்சி, துணியும் கைவினைப் பொருளும் விற்கும் கடைகள். விருதின் பெயரில் இருக்கும் ஏழை எங்கே என்பதுதான் நம் கேள்வி.

அதே 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். 1978 ஜூலையில் விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள், குடிசைகள் கொளுத்தப்பட்டன. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்தின் கீற்றுக் கூரை பற்றி 94 குழந்தைகள் இறந்தார்கள். அதன்பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரை கூடாது என்றானது. 2010இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம், 2024இல் கலைஞரின் கனவு இல்லம் என்று அரசு குடிசையை ஒழிப்பதையே இலக்காகச் சொல்லிவருகிறது. சேரியிலிருப்பவர் கான்கிரீட் கூரை கேட்பதை ரசனைக் குறைவு என்று எண்ணுவது வரலாற்றுக் குருடு. அவருக்குக் கீற்று என்பது நெருப்பின் ஞாபகம். கடற்கரைச் சாலை விடுதிக்காரருக்கு அதே கீற்று குளிர்ச்சி, அழகு, வாடகை.

எகிப்தில் ஃபாத்திக்கே இது நேர்ந்தது. 1945இல் குர்னா மக்களுக்காக அவர் மண்கல்லால் புதுக் கிராமம் கட்டத் தொடங்கினார். பெரும்பாலானோர் குடிபோக மறுத்தார்கள். யாருக்காகக் கட்டுகிறோமோ அவர்கள் விரும்புவது என்ன என்ற கேள்வியை எந்த நல்ல மண்சுவராலும் மூடி மறைக்க முடியாது.

‘கைவினை’ என்ற சொல்லையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கணும். நம்மிடம் கைவினை பெரும்பாலும் சாதியின் வேறு பெயர். பானை ஒருவருக்கு, கூடை ஒருவருக்கு, தோல் ஒருவருக்கு. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித்திட்டம் பாதி நேரம் பள்ளி, பாதி நேரம் அப்பன் தொழில் என்றது. குலக்கல்வி என்று எதிர்த்தார்கள். 1954இல் அது கைவிடப்பட்டது. ‘பரம்பரைக் கைத்திறன்’ என்று கடைச்சுவரில் பெருமையாக எழுதிவைக்கிறவர்கள் இந்த வரலாற்றைத் தாண்டித்தான் எழுத முடியும். குயவர் மகள் கல்லூரிக்குப் போகிறாள் என்றால் ஒரு கலை அழிகிறது என்று புலம்ப நமக்கு உரிமை கிடையாது.

அப்படியானால் கடைகள் திரும்பவும் பிளாஸ்டிக்குக்கும் கண்ணாடிக்கும் போகட்டுமா? இல்லை. மண்ணும் கோரையும் நல்ல பொருட்கள். சிக்கல் அவற்றை வாங்கும் உறவில் இருக்கிறது. சூழல் அக்கறை கடைக்குள் தொடங்குவதில்லை, ஏரியில் தொடங்குகிறது. ஏரிமண் எடுக்க அனுமதிக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்தவர்கள் குயவர்கள். வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி தரலாம் என்று அரசு நடைமுறையை எளிதாக்கியது 2024இல்தான். அதுவரை அவருக்கு எட்டாதிருந்த மண் கடைச்சுவரில் அலங்காரமாகக் காய்ந்துகொண்டிருந்தது.

ஆகவே உள்ளூர்க் கைவினையால் அலங்கரித்தோம் என்று ஒரு கடை சொன்னால் நாம் கேட்க வேண்டியவை சில. வடிவமைப்பாளர் பெயர் இருக்கும் இடத்தில் பாய் நெய்தவர் பெயர் உண்டா? அவருக்கு நாள்கூலியா, வடிவமைப்பில் பங்கா? வேறு சாதிப் பிள்ளை இந்தத் தொழிலுக்கு வர முடியுமா, இந்தச் சாதிப் பிள்ளை இதைவிட்டு வெளியேற முடியுமா? கடைசியாக, அந்தப் பாயை நெய்தவர் உள்ளே வந்து அதில் உட்கார்ந்து துணி பார்க்க முடியுமா?

பழைய கடைக்கும் இதே கேள்விதான் இருந்தது. அன்று தடுத்தது சாதி. இன்று சாதியோடு விலைச்சீட்டும் சேர்ந்து நிற்கிறது.