ஓரான் நகரில் பெயரற்றுப் போனவர்கள்

பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு 1947-ல் வெளியிட்ட ‘கொள்ளைநோய்’ என்னும் நவீனம் அல்ஜீரியாவின் ஓரான் துறைமுக நகரைக் களமாகக் கொண்டது. எலிகள் செத்து விழுகின்றன. நகர வாயில்கள் அடைபடுகின்றன. அரபு மக்களின் வாழ்க்கை நிலையை ஆராய்ந்து எழுத ராம்பேர் என்ற பத்திரிகையாளர் அங்கு வருகிறார். சில பக்கங்களுக்குள் அந்நோக்கம் மறைந்துபோகிறது. மருத்துவர், பாதிரியார், எழுத்தர் எனப் பலர் பெயரோடு நடமாடும் கதையில், பெயர் சொல்லி அழுவதற்கு ஒரு முஸ்லிம் மையித்துகூட இல்லை! நாஜி ஆக்கிரமிப்பின் குறியீடு இது என்பர், மெய்தான். ஆயினும் குறியீட்டுக்காக ஊராரே ஊரைவிட்டு மறைந்துவிட வேண்டுமா?

1992-ல் அர்ஜென்டினா இயக்குநர் லூயிஸ் புயென்சோ இதைத் திரைப்படமாக்கினார். களம் தென்னமெரிக்க நகரமாயிற்று; ராம்பேர் பெண்ணானார். அரபு மக்களைப் பற்றிய கேள்விக்கே அங்கு இடமில்லை.

நம் பொருநை நாட்டுக்கும் இத்தகைய ஏடு ஒன்று உண்டு. 1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிச் சீமைகளில் விஷக்காய்ச்சல் பரவியது. கும்பினி மருத்துவர் எயின்ஸ்லி முதலியோர் ஆராய்ந்து எழுதிய அறிக்கை 1816-ல் லண்டனில் அச்சாயிற்று. காய்ச்சலுக்குச் சதுப்பு நிலத்து நச்சுக்காற்றைக் காரணம் காட்டிய காலம் அது. கொசு மலேரியாவைச் சுமப்பதை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டது 1897-ல்தான். மேலப்பாளையத்திலோ பேட்டையிலோ எந்தத் தாய் எந்தப் பிள்ளையைப் பறிகொடுத்தாள் என்று எழுதுவது அத்தகைய அறிக்கைகளின் வேலையன்று. அதை நம்மவர்தாம் எழுதியிருக்க வேண்டும். அரபுத் தமிழில் எத்தனையோ கிதாபுகள் எழுதிய சமுதாயமல்லவா!

நம் முன்னோர் வழி வேறாயிருந்தது. ஹிஜ்ரி 18-ல் (கி.பி. 639) ஷாம் நாட்டின் அம்வாஸில் தாஊன் பரவியது. உமர் (ரலி) அவர்கள் ஸர்கு என்னுமிடத்திலிருந்து திரும்பினார்கள். நோயுள்ள ஊருக்குள் நுழையலாகாது, அங்கிருந்து வெளியேறவும் ஆகாது என்ற நபிமொழி அங்கே எடுத்துரைக்கப்பட்டது. அந்நோயில் வஃபாத்தான அபூ உபைதா (ரலி), முஆத் இப்னு ஜபல் (ரலி) ஆகியோரின் பெயர்களை மதரஸாச் சிறுவனும் அறிவான்.

ஸஹாபாக்களின் பெயர்கள் நிலைத்ததில் வியப்பில்லை என்பீர்கள். இப்னு ஹஜர் அஸ்கலானீ அவர்களின் வீட்டைப் பாருங்கள். தாஊனைப் பற்றி ‘பத்லுல் மாஊன்’ என்ற தனி நூலே இயற்றிய அப்பேரறிஞர், மூன்று பெண்மக்களை அந்நோய்க்கே பறிகொடுத்தவர். மூத்தவர் ஜைன் காத்தூன், ஹிஜ்ரி 833-ல் கெய்ரோவில், கருவுற்றிருந்தபோது மறைந்தார். நூலெழுதிய மகளல்லர், ஆட்சி செய்தவரும் அல்லர். எனினும் இமாமின் மாணவர் ஸகாவீ, ஆசிரியரின் வரலாற்றில் அவர் பெயரையும் எழுதி வைத்தார்.