அடிமாட்டு விலை

மலிவாகப் போன எதையும் 'அடிமாட்டு விலைக்குப் போயிற்று' என்கிறோம். கேவலமான விலை என்று அர்த்தம். மாட்டுச் சந்தையின் சரித்திரம் வேறு மாதிரிச் சொல்வதாக எனக்குப் படுகிறது.

பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து நெடுங்காலமாகக் கேரளத்துக்குக் கறிமாடுகள் போகின்றன. உழவு மாட்டுக்குப் பல், சுழி, நடை எல்லாம் பார்ப்பார்கள். அடிமாட்டுக்கு அதெல்லாம் கிடையாது. முதுகிலும் தொடையிலும் கைவைத்து, உரித்தால் இத்தனை கிலோ தேறுமென்று வியாபாரி மனசுக்குள்ளேயே நிறுத்துவிடுகிறான். பிறகு துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை. எல்லா விலையும் தரகனுக்குத் தெரியும். விற்க வந்தவனுக்குத் தன் மாட்டின் விலை மட்டும்தான். நியாயம் குறைந்த ஏற்பாடுதான். என்றாலும் ஒரு விலை இருந்தது.

10 வயது தாண்டி, உழைப்புக்கும் இனவிருத்திக்கும் ஆகாத மாட்டைச் சான்று பெற்று அறுக்கலாம் என்றது நம் மாநிலத்தின் 1958ஆம் வருஷச் சட்டம். கிழமாடு விற்ற பணம் அடுத்த மாட்டுக்கு முதலாயிற்று. இளம் மாட்டை வாங்குகிறவனும் அந்தக் கடைசி விலையை நம்பித்தான் வாங்குகிறான். ஆகவே எல்லா மாட்டு விலைக்கும் தரை அடிமாட்டு விலையே.

2017 மே 23இல் வந்த மத்திய அரசின் விதிகள், சந்தையில் கறிக்கு மாடு விற்பதைத் தடுத்தன. மே 30இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவற்றை நிறுத்திவைத்தது. ஜூலை 11இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்குமாக்கியது.

விதிகள் தடுக்கப் பார்த்தது கசாப்பை. பெயர்ந்திருக்கக்கூடியது சம்சாரியின் தரை. கிழமாட்டை விற்க முடியாதவன் அதற்குத் தீனி போடவேண்டும். இல்லை, ராத்திரியில் அவிழ்த்துவிட வேண்டும்.