பெருந்தொற்றுக்கால மனநல ஆய்வறிக்கைகள்: எழுதுமுறை ஒப்பீடு

கோவிட் பெருந்தொற்றின்போது மக்களின் மனநிலையை ஆராய்ந்து வெளிவந்த அறிக்கைகள், விஷயத்தால் ஒன்றாயினும் எழுதுமுறையால் வேறுபடுவன. அவற்றுள் விரைந்தெடுத்த வினாப்பட்டியல் ஆய்வும், பல ஆய்வுகளைத் திரட்டிக் கணிக்கும் தொகுப்பாய்வும் பிரதானமானவை.

2020 ஏப்ரலில், ஊரடங்கின் நடுவே, இந்திய மனநல மருத்துவர் சங்கம் இணையவழி நடத்திய ஆய்வு முன்னதற்கு உதாரணம். அது 1,685 பேரின் விடைகளைப் பரிசீலித்து, 38.2 விழுக்காட்டினரிடம் பதற்றமும் 10.5 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வும் காணப்பட்டதாக உரைத்தது. 2021இல் 'லான்செட்' இதழில் வெளியான தொகுப்பாய்வோ, 2020இல் உலகளவில் மனச்சோர்வு நோய் 27.6 விழுக்காடும் பதற்ற நோய் 25.6 விழுக்காடும் அதிகரித்ததாகக் கணித்தது. ஒன்று இருந்த நிலையையும் மற்றது கூடிய அளவையும் குறிப்பதால், இவ்விரு ஆய்வுகளின் எண்களையும் அருகருகே வைத்து ஏற்றத்தாழ்வு பேசுதல் நியாயமன்று.

வினாப்பட்டியல் அறிகுறிகளைக் காட்டுமேயன்றி நோயை நிர்ணயிப்பதில்லை. கடந்த இரு வாரத்து நிலையை ஒன்பது வினாக்களால் அளந்து, 27க்கு 10 மதிப்பெண் வந்தவுடனே ஒருவரை நோயாளியென எழுதிவிடும் அறிக்கை, தன் கருவியின் எல்லையை மீறியதாகும்.

புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தைச் சேர்ந்ததாயினும் தமிழக மாவட்டங்களால் சூழப்பட்ட காரைக்காலைப் பற்றி எழுதுவோர்க்குப் பிறிதொரு சிரமமும் உண்டு. 2015–16இன் தேசிய மனநல ஆய்வு தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடந்ததேயன்றிப் புதுச்சேரியில் நடைபெறாமையால், முந்தைய நிலையோடு ஒப்பிட அதில் ஆதாரமில்லை. மேலும், 2004 ஆழிப்பேரலையால் துயருற்ற இக்கரையோர மீனவக் குடும்பங்களின் பழைய வேதனையையும் புதிய வேதனையையும் பிரித்துரைப்பதும், கைபேசியில் விடையளிக்க இயலாதோர் எவரெவர் விடுபட்டனர் என்பதை வெளிப்படையாகக் குறிப்பதும் நல்ல அறிக்கைக்கு இன்றியமையாதன.